ஜின்களின் காஹிரா

காஹிரா மாநகரம், ஆண்டு 1912. வானத்தில் ஆகாயக் கப்பல்கள் மிதக்கின்றன. தெருக்களின் மேலே கம்பிகளைப் பற்றி டிராம் வண்டிகள் விரைகின்றன. கடைவீதியில் மனிதரும் ஜின்களும் தோள் உரசி நடக்கின்றனர். ஆங்கிலேயன் அங்கே விருந்தாளியாக வருகிறானேயன்றி ஆட்சியாளனாக இல்லை. நாம் படித்த சரித்திரத்தில் இப்படி ஒரு காஹிரா இருந்ததில்லை. பி. ஜெலி கிளார்க் என்னும் எழுத்தாளர் தம் கற்பனையில் கட்டியெழுப்பிய நகரம் இது.

ஜெலி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லி மரபினரைக் குறிக்கும் சொல்லாகும். அப்பெயருக்குப் பின்னால் இருப்பவர் டெக்ஸ்டர் கேப்ரியல் என்ற வரலாற்றுப் பேராசிரியர். டிரினிடாடிலிருந்து அமெரிக்கா சென்ற குடும்பத்தில் பிறந்தவர். 2016இல் ஒரு சிறுகதையாகத் தொடங்கிய இத்தொடர், 2019இல் பேய் பிடித்த டிராம் வண்டியைப் பற்றிய குறுநாவலாக வளர்ந்து, 2021இல் ஜின்களை அடக்கியாள முயலும் ஒருவரைப் பற்றிய பெருநாவலாக விரிந்தது.

நீராவிப் பொறிகளும் பற்சக்கரங்களும் நிறைந்த பழைய நூற்றாண்டிலே நின்றுகொண்டு, நடவாத வருங்காலத்தைக் கற்பனை செய்யும் இவ்வகைக் கதைகளை ஸ்டீம்பங்க் என்பர். 1987இல் ஓர் எழுத்தாளர் பாதி விளையாட்டாக இட்ட பெயர் அது. பெரும்பாலான இத்தகைய கதைகளில் லண்டன் மாநகரமே மையம். அந்த மையத்தைப் பெயர்த்து மிஸ்ருக்குக் கொண்டு வந்ததுதான் கிளார்க்கின் முதல் துணிவு. வாசக உலகமும் அதை வரவேற்றது. அந்நாவலுக்கு நெபுலா விருது கிடைத்தது; முதல் நாவலுக்கான லோக்கஸ் விருதும் 2022இல் கிடைத்தது. ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

புகழ் ஒருபுறம் இருக்கட்டும். ஜின் என்பது மேனாட்டு வாசகனுக்கு ஒரு வேடிக்கைப் பொருள். நமக்கோ அது ஈமானோடு தொடர்புடைய செய்தி. திருமறையில் அப்பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆகவே ஓரளவு அச்சத்துடனேயே நூலைத் திறந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அச்சம் முழுவதும் மெய்ப்படவில்லை. கிளார்க்கின் ஜின்கள் விளக்கைத் தேய்த்தால் வந்து கைகட்டி நிற்கும் அடிமைகள் அல்ல. அவர்களுள் நல்லவரும் தீயவரும் உண்டு. கொல்லரும் கட்டடக் கலைஞரும் உண்டு. நபி சுலைமான் (அலை) அவர்களுக்காக ஜின்கள் மாடங்களையும், குளம் போன்ற கொப்பரைகளையும் செய்து கொடுத்ததைத் திருமறை வழி அறிந்த நமக்கு, காஹிராவைக் கட்டும் ஜின்கள் முற்றிலும் அந்நியராகத் தோன்றவில்லை. மலக்குகள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இயந்திர உடல் கொண்ட உருவங்கள் வருமிடத்தில்தான் மனம் சுளித்தது. எனினும், அவை மெய்யாகவே மலக்குகள்தாமா என்னும் ஐயத்தை ஆசிரியர் கதைக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறார். அந்த அளவுக்கு அவர் கவனமுள்ளவர்.

ஜின்களின் உலகுக்கு வாயிலைத் திறந்தவராகக் கதையில் வருபவர் அல்ஜாஹிழ் என்னும் சூடானிய ஞானி. இப்பெயர் வெறுமனே தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஹிஜ்ரி 255இல் பஸராவில் மறைந்த பேரறிஞர் அல்ஜாஹிழ், உயிரினங்களைப் பற்றிய பெருநூலை இயற்றியவர். வெள்ளையரைவிடக் கருநிறத்தாருக்குள்ள பெருமைகளைப் பேசும் நூலையும் எழுதியவர். அவருடைய முன்னோர் ஆப்பிரிக்கர் என்று கூறுவோரும் உளர். இந்தச் செய்திகளை அறிந்தவர்க்கு, நாவலில் அல்ஜாஹிழின் நிறத்தைப் பற்றி எழும் வாக்குவாதங்கள் ஆழமான பொருள் தரும். அவருடைய பெயரைப் பூண்டு கலகம் மூட்ட வரும் பொய்யர் யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆயினும் பாதி நூலைக் கடக்கு முன்பே கண்டுகொண்டேன். துப்பறியும் கதைக்கு இது பெருங்குறை. ஆனால் ஒன்று: பேசுபவர் பொய்யரேயானாலும், காஹிராவின் ஏழைகளுக்காக அவர் எழுப்பும் முறையீடு பொய்யன்று. அதனால்தான் மக்கள் அவர் பின்னே திரள்கின்றனர். வரலாற்றுப் பேராசிரியரின் கை தெரியும் இடம் இதுவே.

கதைத்தலைவி ஃபாத்திமா, மேல் எகிப்திலிருந்து வந்து, ஆங்கிலேய ஆடவர் உடையும் தொப்பியும் அணிந்து திரியும் துப்பறியும் அதிகாரி. அவளுடைய காதல் மற்றொரு பெண்ணின்மீது. அந்தப் பெண்ணோ மிஸ்ரின் பண்டைத் தெய்வத்தை வணங்குபவள். நம் இல்லங்களில் இந்நூலை வாங்குவோர் இதனை முன்னரே அறிந்திருப்பது முறை. மறைத்துவிட்டுப் புகழ்வது விமர்சகனுக்கு அழகன்று. என் மனத்தில் நின்ற பாத்திரம் ஹாதியா. ஹிஜாப் அணிந்தவள், தொழுகையுள்ளவள், கல்வியில் தேர்ந்தவள். இவளால் என்ன ஆகும் என்று ஃபாத்திமாவே முதலில் ஒதுக்குகிறாள், பின்னர் நாணுகிறாள். மேனாட்டுக் கதைகளில் ஹிஜாப் அணிந்த பெண் பெரும்பாலும் மீட்கப்பட வேண்டியவளாகவே வருவாள். இங்கே அவள் மீட்பவளாக வருகிறாள்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். கதையில் மிஸ்று விடுதலை பெற்றது ஜின்களின் வலிமையால். மெய்யான சரித்திரத்தில், 1882 செப்டம்பரில் தல்லுல் கபீர் போர்க்களத்தில் அஹ்மது உராபி பாஷாவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. உராபி இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு 1883 முதல் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை போன்றோரோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கு ஊக்கமளித்தார். 1892இல் கொழும்பில் எழுந்த ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றில் அவர் பெயரும் உண்டு. அந்தச் சித்திலெப்பைதான் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் இதழை நடத்தியவர். 1885இல் மிஸ்ரையும் இந்தியாவையும் களமாகக் கொண்ட 'அசன்பே சரித்திரம்' என்னும் தமிழ் நாவலையும் எழுதினார். தமிழ் நாவல் பிறந்து ஏறத்தாழ ஆறாண்டுகளே ஆகியிருந்தன!

தோல்வியிலிருந்து பள்ளிக்கூடத்தையும் பத்திரிகையையும் நாவலையும் உண்டாக்கிய மனிதரை அறிந்த நமக்கு, ஒரு வாயில் திறந்ததும் வல்லரசு ஓடிவிட்டது என்பது எளிய ஆறுதலாகவே படுகிறது. வங்கத்தின் ருகையா சகாவத் ஹுசைன் அம்மையார் 1905இல், சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில மாதர் இதழில், வானூர்திகளும் சூரிய வெப்பத்தால் இயங்கும் கருவிகளும் நிறைந்த பெண்ணரசு ஒன்றைக் கனவாக எழுதினார். அங்கே எல்லாவற்றையும் ஆக்குவது பெண்களின் கல்வி, ஜின்கள் அல்ல.

கிளார்க்கும் இதை உணராதவர் அல்லர் என்றே நினைக்கிறேன். டிராம் வண்டிக் குறுநாவலில், பேயை ஓட்ட அதிகாரிகள் படும் பாட்டுக்கு நடுவே, தெருவில் பெண்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போகின்றனர். எந்த ஜின்னும் அவர்களுக்கு அதைப் பெற்றுத் தரவில்லை. தாங்களே கேட்கின்றனர், தாங்களே கூடுகின்றனர். மெய்யான மிஸ்ரில் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றது 1956இல். பெருநாவலின் ஆரவாரத்தைவிட இச்சிறுநூலே எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதன்முறை வாசிப்போர் அதிலிருந்து தொடங்கலாம்.