மூலையில் மங்கும் வில்லைகள்

காமிரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதாகும். விளம்பரங்களும் அந்த எண்ணையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. வில்லையைப் பற்றி, அதாவது லென்ஸைப் பற்றி, அடியில் ஒரு வரி இருந்தால் அதிகம். அகலக்கோண வில்லையைப் பொறுத்தவரை இது தலைகீழான வழக்கம். அங்கே படத்தின் தெளிவைத் தீர்மானிப்பது வில்லைதான். அதிலும் வில்லையின் நடுப்பகுதியன்று, ஓரம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காரைக்கால் வட்டாரத்துக் குரும்பகரத்திலிருந்து ஒரு மாணவர், சோழநாட்டுக் கோயில் ஒன்றின் கல்வெட்டைப் படமெடுக்கப் புறப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் பத்து மீட்டர் நீளத்துக்கு எழுத்துகள் ஓடுகின்றன. எதிரே நான்கு மீட்டரில் மதில். அதற்குமேல் பின்வாங்க இடமில்லை. 14 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லையை வாங்கினால் சுவர் முழுவதும் ஒரே படத்தில் அடங்கிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அது பொய்யன்று. அடங்கிய எழுத்தைப் படிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

இன்று கிடைக்கும் உயர் பிரிதிறன் காமிராக்களில் 61 மெகாபிக்சல் வகை ஒன்று உண்டு. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள அதன் உணரியில், ஒரு கிடைவரிசைக்கு 9,504 படப்புள்ளிகள். ஒவ்வொன்றின் அகலமும் 3.76 மைக்ரான். பத்து மீட்டர்ச் சுவரை இதில் அடக்கினால், ஒரு படப்புள்ளிக்குச் சுவரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடம் சேரும். உளியால் வெட்டிய கோட்டின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் என்றால் அதற்குக் கிடைப்பவை மூன்று, நான்கு புள்ளிகளே. வில்லை நன்றாயிருந்தால் எப்படியோ படித்துவிடலாம். ஒரு புள்ளியில் விழ வேண்டிய ஒளியை அது நான்கு புள்ளிகளில் பூசிவிட்டால் எழுத்து எது, கல்லின் கீறல் எது என்று தெரியாது.

பூசுவது பெரும்பாலும் மூலைகளில்தான் நடக்கிறது. மிகவும் சாய்ந்து வரும் கதிர்களை ஒரு புள்ளியில் குவிப்பது கடினம். நிறங்கள் சற்றே விலகி விழுவதால் எழுத்தின் ஓரத்தில் ஊதாக் கரையும் பச்சைக் கரையும் தோன்றும். ஒளியும் குறைகிறது. எளிய வில்லை ஒன்றில், கதிரின் சாய்வுக் கோணத்துக்குரிய கோசைனின் நான்காம் அடுக்குப்படி ஒளி குறையும் என்பது பௌதிக விதி. 24 மில்லிமீட்டர் வில்லையின் மூலைக்கு அந்தக் கோணம் 42 பாகை. கணக்குப் போட்டால் நடுவில் விழும் ஒளியில் சுமார் 30 சதவீதமே மிஞ்சும். இக்கால வடிவமைப்புகள் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன. அதற்காகப் பத்து, பன்னிரண்டு கண்ணாடிகளை அடுக்குகிறார்கள். விலையும் எடையும் ஏறுவது அதனால்தான்.

வில்லையின் தரத்தைக் காட்ட நிறுவனங்கள் மாறுபாட்டுக் கடத்தல் வரைபடம் என்ற ஒன்றை வெளியிடுகின்றன. ஒரு மில்லிமீட்டருக்குள் இத்தனை கறுப்பு வெள்ளைக் கோட்டு இணைகள் இருந்தால் அவற்றை வில்லை எவ்வளவு தெளிவாகக் கொண்டு சேர்க்கிறது என்பதை அது கூறும். வழக்கமாக 10, 30 இணைகளுக்கே வளைகோடு வரைகிறார்கள். மேற்சொன்ன உணரியோ, 133 இணைகள் வரை பிரித்தறிய வல்லது! பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கு ஐந்தாம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்து முதல் பரிசு வழங்குவது போன்றது இது. மேலும் பல நிறுவனங்களின் வளைகோடுகள் கணிப்பொறியில் கணக்கிடப்பட்டவை. நாம் வாங்கும் வில்லையை அளந்து வரைந்தவையல்ல. ஆயினும் வரைபடத்தை ஒதுக்கிவிட வேண்டாம். மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி, 30 இணைக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அங்கே அது சரிந்து விழுந்தால் அந்த வில்லை கல்வெட்டுக்கு ஆகாது.

துவாரத்தைச் சுருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. ஓரளவுதான் சரியாகும். எஃப் 8-இல் விளிம்பு விளைவால் ஏற்படும் ஒளிவட்டத்தின் விட்டம் சுமார் 10.7 மைக்ரான், அதாவது ஏறக்குறைய மூன்று படப்புள்ளிகள். எஃப் 16-இல் அது இரு மடங்காகி, நல்ல வில்லையையும் மட்டமான வில்லையையும் ஒன்றாக்கிவிடுகிறது. எஃப் 5.6-க்கும் 8-க்கும் இடையில் நிற்பதே நல்லது.

இந்தச் சிக்கலைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒருவர் 1858-ஆம் ஆண்டிலேயே தீர்த்தார். சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளரான லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரிதான் அவர். மெழுகு பூசிய காகிதமே அவருடைய பிலிம். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் ஒரே படத்தில் அடக்க முயலவில்லை. சுவரை ஒட்டி நகர்ந்து பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெல்யன், செலவு மிகுதி என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவர்களைத் தேய்த்ததில் நம் காலத்திலும் பல கோயில்களின் எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. தேய்ந்த கல்லை இரண்டாம் முறை படமெடுத்துப் பயனில்லை.

டிரைப்பின் முறையை நம் மாணவருக்குப் பொருத்திப் பார்ப்போம். அதே நான்கு மீட்டர்த் தொலைவில், சாதாரண 50 மில்லிமீட்டர் வில்லை ஒரு படத்தில் 2.88 மீட்டர்ச் சுவரைக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு ஐந்து படங்கள் எடுத்தால் பத்து மீட்டரும் முடிந்தது. காமிரா 24 மெகாபிக்சல்தான் என்றாலும் சுவரின் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு புள்ளிகள் கிடைக்கும். விலை உயர்ந்த காமிராவும் 14 மில்லிமீட்டர் வில்லையும் சேர்ந்து கொடுத்ததைப்போல் இது இரு மடங்கு! ஓரத்து எழுத்தும் நடு எழுத்தும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும். தூண்களும் மாடங்களும் முன்துருத்தி நிற்கும் சுவர்களில் மட்டும் இணைப்பு சரியாகப் பொருந்தாது.

அத்தகைய சுவர்களுக்கும், மண்டபத்தின் உட்புறத்துக்கும் விதானத்துக்கும் அகலக்கோணம் தேவைதான். அப்போதும் 14 வேண்டாம்; 24 அல்லது 28 மில்லிமீட்டரில், குவியத் தூரம் மாறாத வில்லையைத் தேடுங்கள். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் வில்லைக்குள் பூஞ்சை படரும் என்பதால் பழைய வில்லை வாங்குவோர் டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்த்துவிட வேண்டும்.

ஒரே பெயரில், ஒரே விலையில் வரும் இரு வில்லைகள் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஆகவே வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளிக்கூடச் சுவர் ஒன்றில், படத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வருமாறு செய்தித்தாளின் ஒரே பக்கத்தை ஒட்டுங்கள். காமிராவைத் தாங்கியில் நிறுத்திச் சுவருக்கு இணையாக வையுங்கள். எஃப் 5.6-இல் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் சற்று மங்கியிருந்தால் அது வடிவமைப்பின் எல்லை. ஒரு மூலை மட்டும் மங்கினால், முதலில் காமிரா சாய்ந்திருந்ததா என்று பார்த்து மீண்டும் எடுங்கள். அதே மூலை மறுபடியும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. எந்தத் துவாரத்தாலும் அதைத் திருத்த முடியாது. ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.