பிராக்குக் காட்டுதல்

"பாவம், ஊர்ல இதெல்லாம் பார்த்திருக்காதுங்க. அதான் சத்தமே இல்லாம நிக்குதுங்க."

சென்னைக்குத் தெற்கே ஒரு கேளிக்கைப் பூங்கா. ராட்டின வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். என் மகனையும் அக்காவின் மகளையும் பார்த்துத்தான் சொன்னார். சற்று முதல்தான் "நீங்க கேரளாவா?" என்று என்னிடம் கேட்டிருந்தார். யாழ்ப்பாணம் என்றேன். "ஓ, சிலோனா" என்றார். கெட்ட மனசோடு சொன்ன சொல் இல்லை என்று தெரியும். இருந்தும் சுட்டது. எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்கவில்லை. நான் போட்ட நொடிக்கு விடை யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

வரிசையில் பிள்ளை அலுத்துச் சிணுங்கத் தொடங்கினால் அதன் கவனத்தைத் திருப்புவதை நாங்கள் 'பிராக்குக் காட்டுறது' என்போம். தமிழ்நாட்டில் 'வேடிக்கை காட்டுறது'. இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வேடிக்கைக்குக் கையில் ஒரு சாமான் வேண்டும்: பொம்மை, பலூன், இப்போது போன். பிராக்குக்கு மதிலில் இருக்கிற காகம் போதும். காட்டுகிறவருக்குப் பொறுமையும் வாயும் இருந்தால் சரி.

அந்த வரிசை இரும்புக் கம்பிகளுக்குள் வளைந்து வளைந்து போனது. முக்கால் மணி நேரம் நின்றோம். சுற்றிவர ஐந்தாறு போன்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டு, எல்லாம் முழுச் சத்தத்தில். பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நடுவில் எட்டுப் பேர் கம்பிக்குக் கீழால் நுழைந்து வந்தார்கள். "எங்க ஆளு முன்னாடி நிக்கிறாரு" என்பதே அவர்களின் அனுமதிச் சீட்டு. "அம்மா, இவை எப்பிடி எங்களுக்கு முன்னாலை வந்தவை?" என்று மகன் கேட்டான். இது போதாதென்று, கூடுதல் காசு கட்டியவர்களுக்குப் பக்கத்திலேயே தனி வழி. காத்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் காசு முந்திப் போவதை எந்த விளையாட்டால் மறைப்பது? எங்கள் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு 1 ரூபா. பணக்காரருக்கும் அதே 1 ரூபா, அதே வரிசை. 25 நாள் திருவிழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிய பிள்ளை அந்தத் தனி வழியை விளங்காமல் பார்த்ததில் என்ன அதிசயம்?

நாங்கள் வரிசையைப் பூங்காக்களில் பழகவில்லை. எழுபதுகளில் பாணுக்கு நின்ற கதையைச் சொல்லித்தான் அம்மா எங்களுக்குச் சோறு தீத்தினார். தொண்ணூறுகளில் சங்கக்கடை வாசலில் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். பிறகு வந்தது 2022இன் பொருளாதார நெருக்கடி. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. ஒரு நாள் விடியப்புறம் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். மகனுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் விட ஆளில்லை. போனைக் கொடுக்கவும் வழியில்லை; மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற வருடம் அது. இருக்கிற சார்ஜை அவசரத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வெயில் ஏற அவன் சிணுங்கினான். பின்னால் ஸ்கூட்டியோடு நின்ற பெண்ணை எனக்கு முன்பின் தெரியாது. அவர் இறங்கி, வீதியோரம் ஐந்து கல் பொறுக்கி, சீலையால் துடைத்து, "தம்பி, கொக்கான் வெட்டத் தெரியுமோ?" என்று கேட்டார். வேப்ப நிழலில் இருவரும் குந்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நாலு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். வரிசை நகரும்போது அவருடைய ஸ்கூட்டியை நான் தள்ளினேன். அவருக்கு முன்னால் புக யாரும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் கொக்கானை அஞ்சாங்கல் என்றும் கல்லாங்காய் என்றும் சொல்கிறார்கள். 'கொக்கான்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வெயிலும் அந்தப் பெண்ணின் தூசி படிந்த விரல்களும்தான் நினைவுக்கு வரும்.

எங்களிடமும் பூங்காக்கள் இருக்கின்றன. ஹங்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையில் பேர்ள் பே. லெஷர் வேர்ல்டுக்கு ஒரு வேலைநாளில் போனோம். எந்த வரிசையும் பத்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை. முன்னால் நின்ற சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு கைதட்டி விளையாடினார்கள். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

சென்னை வரிசையில் எனக்குப் பிடித்ததையும் சொல்ல வேண்டும். அந்த மனிதரின் மனைவி பையைத் திறந்து, கடலை மிட்டாயை எடுத்து, என்னைக் கேட்காமலே எங்கள் பிள்ளைகளின் கையில் வைத்தார். எங்கள் ஊரில் "பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்று தாயிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதுதான் முறை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கை நீண்ட வேகத்தில் ஓர் உரிமை இருந்தது. திருப்பதியிலும் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. பசித்த பிள்ளைக்கு எந்தப் பிராக்கும் ஏறாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையிலிருந்த மிட்டாயைப் பார்த்து, "கச்சானோ?" என்று மகன் கேட்டான். "கடலை மிட்டாய்டா கண்ணு" என்றார் அந்த அம்மா. தும்பு முட்டாசு தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய், ஐஸ்பழம் அங்கே குச்சி ஐஸ், குழப்படி அங்கே சேட்டை. பிள்ளைகள் இருவரும் இதையே ஒரு விளையாட்டாக்கி விரல்விட்டு எண்ணினார்கள்.

வரிசையின் தலைப்பில்தான் சிக்கல் வந்தது. அந்தக் குடும்பத்தின் சின்ன மகன் உயரக்கோட்டைத் தொடவில்லை. ஏற்றமாட்டோம் என்றார்கள். அளவுபலகை வரிசை தொடங்கும் இடத்திலும் இருந்தது. பிள்ளையை அங்கேயே நிறுத்தி அளந்து பார்ப்பது பெற்றோரின் முதல் வேலை. வேறெந்த மரியாதையும் அதற்குப் பிறகுதான். முக்கால் மணி நேரம் நின்ற பிள்ளை நிலத்தில் விழுந்து கத்தினான். தகப்பன் போனை நீட்டினார், தட்டிவிட்டான். அக்காவின் மகள் தன் முறையை விட்டு விலகி, அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"தம்பி, ஒரு நொடி சொல்லட்டே?"

"ஒரு நொடி என்னம்மா, எவ்ளோ நேரம் வேணும்னாலும் சொல்லு" என்றார் அவனுடைய தாய். எங்கள் நொடி அவர்களுடைய விடுகதை. அவர்களுடைய நொடி ஒரு கண்சிமிட்டு நேரம்.

"ஒரு பாம்புக்கு நூறு தலை. முன்னாலை ஒரு தலை விழ, பின்னாலை ஒரு தலை முளைக்கும். அது என்ன?"

அவன் அழுகையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். "ராவணன்" என்றான். இல்லை என்று தலையாட்டினாள். கம்பிக்கு மேலால் நாங்கள் வந்த வழியைக் கையால் காட்டினாள். அவன் எழும்பி நின்று பார்த்தான். தகப்பனும் திரும்பிப் பார்த்தார்.

பின்னேரம் வெளிவாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் குடும்பம் எங்களுக்கு நாலு பேர் பின்னால் நின்றது. சின்னவன் தாயின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு நொடி."

"இருடா, வரேன்."

"அந்த நொடி இல்லம்மா."