உடலற்ற ஒலி: ஸ்விங், நாகஸ்வரம், நேரடி ஒலிபரப்பு

பழைய வானொலியைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: காற்றுக்குச் சாதியில்லை. திருச்சி நிலையம் வீதியில் நின்ற நாகஸ்வரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது, அமெரிக்க வானொலி கறுப்பர்களின் ஜாஸை வெள்ளையர் கூடத்துக்குக் கொண்டுபோனது, கண்ணுக்குத் தெரியாத ஊடகத்தில் உடல் மறைந்து கலை மட்டும் மிஞ்சியது என்பதாக இந்தக் கதையாடல் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் மறைந்ததால் யாருக்கு வசதி என்ற கேள்வியை இது கேட்பதேயில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1927 டிசம்பரில் டியூக் எலிங்டனின் குழு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியது. அங்கிருந்து அவர்கள் வாசித்தது சிபிஎஸ் நிலையங்கள் வழியாக நேரடியாக நாடெங்கும் போயிற்று. ஒலிநாடா இல்லாத காலம். வாசிக்கிற கணமும் கேட்கிற கணமும் ஒன்று. ஹார்லெம் கறுப்பர்கள் வாழ்ந்த இடம். மேடையில் நின்றவர்களும் கறுப்பர்கள். கிளப்பின் மேசைகள் மட்டும் வெள்ளையருக்கு. தெருவில் போகிற கறுப்பர் தன் ஆள் வாசிப்பதைக் கேட்க உள்ளே போக முடியாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் குடும்பம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கலாம். காற்று சாதி பார்க்கவில்லை என்பது உண்மை. அது காற்றுக்கு இருபுறமும் இருந்த கதவுகளைத் திறந்துவிடவுமில்லை.

1934 டிசம்பரில் என்பிசி வானொலி சனிக்கிழமை இரவுகளில் மூன்று மணிநேர நடன நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. ‘லெட்ஸ் டான்ஸ்’ என்று பெயர். ஒரு பிஸ்கட் கம்பெனியின் விளம்பரத்துக்காக நடந்தது. அதில் கிளாரினெட் வாசித்த பென்னி குட்மன் பிறகு ‘ஸ்விங்கின் அரசர்’ ஆனார். ஸ்விங் என்பது பெரிய குழு, எழுதிவைத்த அமைப்பு, அதற்கு நடுவே ஒருவர் எழுந்து நின்று அந்தக் கணத்தில் கற்பனை செய்வது. நம்ம ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கீர்த்தனைக்கு நடுவே நிரவலும் ஸ்வரமும் போல. குட்மன் வாசித்த அமைப்புகளில் முக்கியமானவற்றை எழுதிக் கொடுத்தவர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பர். சொந்தக் குழுவை நடத்த முடியாமல் நொடித்துப்போயிருந்த நேரத்தில் அவற்றை விற்றார். அரசர் பட்டம் யாருக்குப் போயிற்று என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. குட்மனைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. 1936இல் டெடி வில்சனைத் தன் குழுவோடு மேடையில் உட்காரவைத்தவர் அவர். ஒலிபரப்பு என்ற அமைப்பு யாருடைய பெயரைக் காற்றில் ஏற்றியது, யாருடைய பெயரைத் தாளிலேயே விட்டது என்பதுதான் விஷயம். அந்த நிகழ்ச்சி 1935இல் நின்றுபோனதற்குக் காரணம் பிஸ்கட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். ஜாஸ் வரலாறுகளில் இது ஒரு வரியில் கடந்துபோகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. அதன் காலடியில் கிடந்தது தஞ்சை டெல்டா. நாகஸ்வரமும் தவிலும் விளைந்த மண். மிராசும் மடமும் கோயிலும் வைத்து வளர்த்த கலை இது என்பார்கள். வளர்த்தது சரி, எங்கே நிற்கவைத்து வளர்த்தார்கள்? வாய்ப்பாட்டு வித்வானுக்கு உட்கார மேடை; நாகஸ்வரக்காரருக்கு நடக்க வீதி. சட்டை கூடாது, துண்டு இடுப்பில். செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாகஸ்வரக்காரரின் தோள்துண்டை எடுக்கச் சொன்னபோது சுயமரியாதை இயக்கத்தார் குறுக்கே நின்றது நாம் அறிந்த கதை. ஒலி சாமிக்கு உகந்தது, அதை எழுப்பும் உடல் சபைக்கு உகந்ததல்ல. இந்தப் பிளவு வானொலிக்கு முன்பே நம்மிடம் தயாராக இருந்தது. மைக் வந்து அதைத் தொழில்நுட்பமாக்கியது, அவ்வளவுதான். வாசலில் நின்றவர் வாசலிலேயே நிற்க, அவர் ஊதியது மட்டும் கூடத்தைத் தாண்டி பூஜை அறைவரை போயிற்று. தொடாமல் கேட்கலாம். சாதிச் சமூகத்துக்கு இதைவிட வசதியான கருவி வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) வைத்துப் பார்க்க வேண்டும். கிராப் வெட்டிக்கொண்டார், கோட்டும் ஷூவும் போட்டார், உட்கார மேடை கேட்டார். ‘வித்துவச் செருக்கு’ என்றும் ‘மேதையின் கிறுக்கு’ என்றும் நம் இசைப் பத்தியாளர்கள் இதையெல்லாம் வேடிக்கைக் கதைகளாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை வெளியே நிறுத்தும் ஏற்பாட்டுக்கு எதிராக உடலைத் திரும்பக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைக்கும் செயல் அது. 1940இல் ‘காளமேகம்’ படத்தில் அவர் நடித்ததையும் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன். அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர் என்பது தற்செயல். ஆனால் முகம் காட்ட வேண்டும் என்ற ஆசை தற்செயல் அல்ல.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைவேலையில் சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரம் உருவானது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புரா வந்தது. வீதிக்கான கருவி சபைக்கும் மைக்குக்கும் ஏற்றதாயிற்று. சரி. தம்புரா வந்த இடத்தில் ஒத்து ஊதியவர் என்ன ஆனார்? இரவு முழுக்க மூச்சடக்கி ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் பெயர் எந்த ஒலிபரப்பில் வாசிக்கப்பட்டது? கலை ஒரு படி ஏறும்போதெல்லாம் அதன் அடியிலிருந்த ஆள் கழன்று விழுகிறார். ஹெண்டர்சனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். தோடியை மணிக்கணக்கில் விரித்தவர் ராஜரத்தினம். அவருடைய ராகம் கோயில் வீதியின் நீளத்தில், சாமி நகர்கிற வேகத்தில் வளர்ந்த வடிவம். கிராமபோன் தட்டு அதை மூன்று, நான்கு நிமிடத் துண்டாக்கியது. வானொலி கொஞ்சம் தாராளம், இருந்தாலும் கடிகாரம் கடிகாரம்தான். முழுக் கச்சேரிகள் ஒலிபரப்பாயின என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாளாவட்டத்தில் நாகஸ்வரத்துக்கு வானொலி கொடுத்த அடையாளம் ‘மங்கல இசை’. காலையில் வந்தே மாதரத்தை அடுத்துச் சில நிமிடம். நான் வளர்ந்த வீட்டில் அதை யாரும் கேட்டதாக நினைவில்லை. அது ஓடும்போது பால் காயும், வாசல் தெளிப்பார்கள். கற்பனைக்கான கருவி சகுனத்துக்கான சத்தமாகிப் போனது.

யார் உள்ளே வரலாம் என்பதிலும் காற்று ஒன்றும் சுதந்திரமாக இல்லை. 1946இல் படேலின் பொறுப்பில் ஒலிபரப்புத் துறை இருந்தபோது, தனிவாழ்க்கை ‘ஒழுங்கற்றது’ என்று கருதப்பட்ட பாடகிகளுக்கு நிலையக் கதவு சாத்தப்பட்டது. அதாவது தாசி மரபு, தவாயிஃப் மரபுப் பெண்களுக்கு. இங்கே ஒலி மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். பெண் என்றதும் உடல் திரும்ப வந்துவிட்டது. 1952க்குப் பின் அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் குரல்தேர்வும் தரவரிசையும் வந்தன. எது சாஸ்திரியம், எது மெல்லிசை, எது நாட்டுப்புறம் என்று அலமாரி அடுக்கிய மாதிரி அடுக்கினார்கள்.

அந்த அலமாரியில் டெல்டாவின் பேண்டு செட் எங்கே? கிளாரினெட்டை ஜாஸின் கருவி என்கிறோம். அது தஞ்சாவூருக்குக் குட்மன் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் சரபோஜியின் (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் குழுவில் முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பிடித்தது. சதிர் பரதநாட்டியமாகிச் சபை ஏறியபோது அது வெளியேற்றப்பட்டது. ஏ.கே.சி. நடராஜன் ஒருவர் அதைக் கச்சேரிக் கருவியாக நிலைநாட்டினார். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று அவருக்குப் பட்டம் கொடுத்தது ராஜரத்தினமேதான். மற்றபடி கல்யாணத்திலும் சாவிலும் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் டிரம்முமாக நகர்கிற குழுவை நாம் ‘பேண்டுக்காரங்க’ என்பதோடு முடித்துக்கொள்கிறோம். எங்கள் ஊரின் ஸ்விங் அதுதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

பறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருச்சி வானொலிக்கு டெல்டா விவசாயி நன்றியோடு நினைவுகூர்கிற சாதனை ஒன்றுண்டு: 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 ரக நெல்லை அது பரப்பியது. ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. விதைக்குக் காற்றில் இடம் கிடைத்தது. அந்த நாற்றை நட்டவர்களின் மேளத்துக்கு? அதே தஞ்சை மாவட்டத்தில், அதே ஆண்டுகளில், கூலி கேட்டவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள் (25 டிசம்பர் 1968). குடவாசல் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் பஞ்சாயத்து ரேடியோ பற்றிக் கேட்டேன். “அது ஊர்த்தெருவுல இருந்துச்சு தம்பி. நாங்க வாய்க்கா மேட்டுல நின்னு கேப்போம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கும்” என்றார். காற்றுக்குச் சாதியில்லை என்று எழுதுகிறவர்கள் அந்த மேட்டில் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

அப்படியானால் பழைய நேரடி ஒலிபரப்பைத் தூக்கி எறிந்துவிடலாமா? இல்லை. ‘நேரடி’ என்பதில் நாம் இழக்கக்கூடாத ஒன்று இருக்கிறது: திருத்த முடியாமை. மூச்சு வாங்குவது, சீவாளி மக்கர் பண்ணுவது, தவில்காரர் எதிர்பாராத இடத்தில் அறுதி வைக்க மற்றவர் தடுமாறி மீள்வது. மறைக்கப்பட்ட உடல் ஒலிக்குள்ளேயே வந்து நிற்கும் இடங்கள் இவை. ரசனை விமர்சனம் இவற்றைப் பிசிறு என்கிறது. எனக்கு இவையே சாட்சியம்.

அமெரிக்காவில் வில்லியம் சேவரி என்ற ஒலிப்பொறியாளர் 1930களின் பிற்பகுதியில் வானொலியில் வந்த ஜாஸைத் தட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். நூறு மணிநேரத்துக்கு மேல். 2010இல் அது ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. காட்டன் கிளப்புக்குள் விடப்படாதவர்களின் பேட்டைக்கே ஒலி திரும்பி வந்தது. நம்மிடம் நாடா வருவதற்கு முந்திய ஒலிபரப்பின் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. மிஞ்சியிருப்பவை மனிதர்கள். ஒத்துக்காரர்கள், இரண்டாம் தவில்காரர்கள், பேண்டு செட்காரர்கள், வாய்க்கால் மேட்டில் நின்று கேட்டவர்கள். இவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவது நமக்கு உடனடி வேலை. பொற்காலக் கட்டுரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கேட்டவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.