தூர்ந்த ஆற்றின் நிலம் யாருக்கு?

ஆற்றைப் பாடாத மொழியில்லை. ஆயினும், ஆற்றை நம்பி உண்பவர்களின் வரவு செலவை எழுதிய நூல்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது, அத்வைத மல்லபர்மன் வங்காளியில் எழுதிய ‘திதாஸ் ஒரு நதியின் பெயர்’ என்னும் நாவல். நம்மிடையே அது பெரும்பாலும் பிழையாகவே வாசிக்கப்படுகிறது என்பது நமது குற்றச்சாட்டு.

1914 இல் பிராமன்பாரியாவை அடுத்த திதாஸ் கரையில், மாலோ என்னும் மீனவச் சாதியில் பிறந்தவர் மல்லபர்மன். வறிய அம்மக்கள் தம்முள் பணம் சேர்த்து அவரைப் படிக்க வைத்தனர். கல்கத்தாவில் பத்திரிகையாளராக உழைத்து, 1951 இல் காசநோயால் மாண்டார். நாவல் 1956 இலேதான் நூலுருப் பெற்றது. 1973 இல் ரித்விக் கட்டக் அதனைப் பங்களாதேஷில் திரைப்படமாக்கினார்.

நூலைப் புகழ்வோர் வழமையாகக் கூறுவது இதுதான்: ஆறு வற்றியது, அதனோடு ஒரு குலமும் அழிந்தது, காலத்தின் போக்கை யார் தடுப்பார்? இவ்வாசிப்பில் கண்ணீர் உண்டு, உண்மை இல்லை. ஆறு தூர்ந்தபோது ஒன்றுமே மிஞ்சாமற் போகவில்லை. புதிய நிலம் மேலெழுந்தது. வளம் அழியவில்லை, உருமாறியது. அவ்வளம் யார் கைக்குப் போயிற்று என்பதே நாவலின் உயிர்நாடியான வினா. மீனவர் தாம் வலை வீசிய இடத்தைத் தமதென்றனர், பலிக்கவில்லை. நிலமற்ற உழவரும் வெறுங்கையோடு திரும்பினர். ஏற்கெனவே நிலமும் அடியாட்பலமும் உடையவரே அதனையும் பற்றிக் கொண்டனர். ஆகவே இது மீனவருக்கும் உழவருக்குமிடையே நிகழ்ந்த போட்டியன்று. உடையவர் இல்லாதவரை வென்ற கதை. புயலிலே மூழ்கவிருந்த ஒரு முஸ்லிம் உழவரின் கிழங்குப் படகை இந்து மீனவர் காக்கும் காட்சியை ஆசிரியர் முன்னரே வைத்திருப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

பொருளாதாரம் சரிவதற்கு முன்பே, கடைத்தெருப் பெரியவர்களின் ஆதரவோடு வந்த ஜாத்திரைக் கூத்து மாலோக்களின் பாட்டையும் ஒற்றுமையையும் குலைத்து விடுகிறது. பாட்டை இழந்த சமுதாயம் நிலத்துக்காகத் திரண்டு நிற்கும் வலிமையையும் இழக்கிறது. பண்பாட்டுக்கும் பிழைப்புக்கும் உள்ள உறவை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நாவல்கள் அரிது.

குறையும் உண்டு. இறுதிப் பகுதியில் மாந்தர் நிழல்களாகித் தேய்ந்து போகின்றனர். எதிர்த்து நின்றவர்களின் குரல் மிக விரைவில் அடங்கி விடுகிறது. கட்டக்கின் படத்திலோ, வறண்ட மணலில் விழுந்து சாகும் பாசந்தியின் கண்களுக்கு நெல்வயலும் இலைக்குழல் ஊதி ஓடும் சிறுவனும் தோன்றுகின்றன. அழகிய நம்பிக்கைதான். ஆனால் அந்த வயல் யாருடையது? நாவல் எழுப்பிய வினாவைப் படம் கவிதையாக்கிக் கரைத்து விடுகிறது என்றே நாம் கருதுகிறோம்.

பாமன்கடையிலிருந்து எழுதும் நமக்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்திற் கடலோடு கலக்கும் களனி கங்கையை எண்ணிப் பார்ப்போம். ஒரு காலத்தில் அப்பள்ளத்தாக்கின் விளைபொருள்கள் கூரையிட்ட படகுகளிலே கொழும்புக்கு வந்தன. 1902 இல் புகையிரதம் அவிசாவளையை எட்டியது; பின்னர் லொறிகள் வந்தன; படகோட்டியின் தொழில் தேய்ந்தது. கரையோரத்தாரிற் பலர் நீரில் மூழ்கி, வாளியால் மணல் அள்ளிப் பிழைத்தனர். 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின் நகரம் உயர உயர, மணலின் தேவையும் பெருகிற்று, இயந்திரங்களும் ஆற்றிலிறங்கின. ஆற்றுப்படுகை தாழ்ந்தது, கரைகள் இடிந்தன, வறட்சிக் காலத்தில் உவர்நீர் மேலேறி அம்பத்தளையிற் கொழும்பின் குடிநீருக்கே அச்சுறுத்தலாயிற்று. பழி மட்டும் எளிதாக வாளியோடு மூழ்கியவன் தலையில் விழுந்தது.

வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் எழுந்த மாடிக் குடியிருப்புகளின் சுவர்களில் ஆற்று மணல் இருக்கிறது. அங்கே அமர்ந்து நாம் திதாசுக்காகக் கண்ணீர் விடுகிறோம். ஒரு கியூப் மணலின் விலையில் மூழ்கியவனுக்கு எவ்வளவு, லொறி உடையவனுக்கு எவ்வளவு, அனுமதிப்பத்திரம் பெற்றவனுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதப்பட்ட தமிழ்ச் சிறுகதையை நாம் இன்னும் படித்ததில்லை. அம்மக்களிற் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர் என்பது நமது மௌனத்துக்குச் சமாதானமாகாது. கிழங்குப் படகைக் காத்த மீனவன் அதில் வந்தவனின் மதத்தைக் கேட்கவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நாவலைப் படிக்க வேண்டும். கல்பனா பர்தனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1992 இல் வெளிவந்தது. படித்து முடித்தபின், ஆறு ஏன் வற்றியது என்பதோடு நின்றுவிடாது, வற்றியபோது வாழ்ந்தவர் யார் என்றும் வகுப்பிலே கேட்கட்டும்.