மணம் இழுக்கும், நுழைய வைக்குமா?

ஒரகடம், வல்லம் பக்கத்துக் கிடங்குகளில் பொறி வைத்துப் பிடிக்கிற காட்டு உயிர் என்றால் அது பெருச்சாளியும் வயல் எலியும்தான். நெல்வயல்கள் சிப்காட் மனைகளானபோது இவை ஊரைக் காலி செய்யவில்லை. வடிகாலுக்கும் கேபிள் குழிக்கும் குடிமாறின. ஒரு வயரைக் கடித்து வைத்தால் லைனே நின்றுவிடும். அதனால் "எந்த எலியையும் இழுக்கும்" என்று மணப் பசையும் ஜெல்லும் விற்கிறார்கள். கொடுக்கிற காசுக்கு அவை தகுமா?

மசால் வடை சுட்ட அன்று எண்ணெயும் சோம்பும் வெங்காயமுமாகத் தூக்கலாக மணக்கும். மறுநாள் எறும்பு, அதற்கடுத்த நாள் கல். கருவாடு நாள் தாங்கும். ஆனால் பூனையும் கீரியும் முதலில் வந்து நிற்கும்; கீரியோ வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. கடைப் பசைக்கு உள்ள மேன்மை, சீக்கிரம் காயாது என்பது மட்டுமே. மூன்று ஷிப்டும் சாம்பார் கொதிக்கும் கேன்டீனின் பின்புறத்தில் இவை எல்லாமே தோற்கும். எச்சில் தொட்டி பக்கத்திலேயே இருக்க, எலி எதற்குக் கம்பிக்கூண்டைத் தேடி வரும்? தீனியே இல்லாத உதிரிபாகக் கிடங்கிலோ கொஞ்சம் பஞ்சும் சணலும்கூட வேலை செய்யும். கூடு கட்ட அலைகிற பெட்டைக்கு அதுதான் தேவை.

வாசனையின் வல்லமைக்கு வழக்கமாகக் காட்டப்படும் சாட்சி கால்வின் கிளைனின் 'அப்செஷன்' என்ற வாசனைத் திரவியம். 2003இல் நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் 24 வாசனைத் திரவியங்களைச் சிவிங்கிப்புலிகளிடம் சோதித்தார்கள். 'அப்செஷன்' சராசரியாக 11 நிமிடம் அவற்றைப் பிடித்து வைத்தது. 2018இல் மகாராஷ்டிரத்தின் பாண்டர்கவடா பகுதியில் அவனி என்ற பெண்புலியைப் பிடிக்கவும் இதையே நாடினார்கள். அது கூண்டில் சிக்கவில்லை. நவம்பர் 2 இரவு சுட்டுக் கொல்லப்பட்டது. நின்று முகர்வது வேறு, உள்ளே நுழைவது வேறு. விளம்பரம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

எலியிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்குவது அதன் குணம். அதன் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1988இல் கனடா உளவியலாளர் பென்னட் கேலஃபும் சகாக்களும் காட்டினார்கள்: எலியின் மூச்சில் உள்ள கார்பன் டைசல்ஃபைடு உணவின் மணத்தோடு சேர்ந்தால், மற்ற எலி அந்த உணவை விரும்பித் தின்னும். எலியின் வாடையே நம்பிக்கை தருமென்றால், எலி சிக்கிய பொறியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிற நம் வழக்கத்தையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

என் தீர்ப்பு பசைக்கு எதிரானது. சுவரை ஒட்டிக் கூண்டை வைத்து, கதவைக் கட்டித் திறந்தே விட்டு, மூன்று இரவு சும்மா தீனி போட்டு, நான்காம் இரவு கொக்கியை மாட்டினால் அன்றைக்குச் சுட்ட வடை போதும். துத்தநாக பாஸ்பைடு வைக்குமுன் இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத தீனியைப் பழக்கச் சொல்லும் விவசாயப் பரிந்துரையும் இதே கணக்குதான். இதற்கு இடைஞ்சல் எலி பிடிக்கும் ஒப்பந்தம். மாதத்துக்கு இத்தனை வருகை என்று பேசிக் கூலி கொடுக்கிறார்கள். படிவத்தில் "பிடிபட்டவை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்று இரவு தொடர்ந்து பூஜ்யம் எழுதிய தாளில் கையெழுத்துப் போட மேலாளருக்கு மனம் வராது. புதுப் பசைக்கான பில்லில் மட்டும் யோசிக்காமல் போட்டுவிடுவார்.