சாவு வீட்டில் மட்டும் திறக்கும் வாய்

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் தன் மனக்குறையை ஊர் கேட்கச் சொல்ல வாய்க்கிற இடம் சாவு வீடு. தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தால், செத்தவரைப் பற்றி எடுத்த ஒப்பாரி சற்று நேரத்தில் மாமியார் கொடுமைக்கும் பிறந்த வீடு கைவிட்டதற்கும் வந்துவிடும். யாரும் தடுப்பதில்லை. தமிழ்நாட்டு ஒப்பாரியை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். ஆனால் காரியம் முடிந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் தூக்கம் கெட்டாலும் சோறு இறங்காவிட்டாலும் ‘மனசு சரியில்ல’ என்பதோடு சரி. மிஞ்சினால் காத்து கருப்பு, மனம் தெளியக் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கல்.

மனநலம் பேச வரும் நம் கலைநிகழ்ச்சிகள் இந்த வட்டத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதே என் குறை. பேருந்து நிலைய வாசலில் பறை, கரகம், நாலு வசனம், துண்டறிக்கை, கூட்டம் கலைந்துவிடும். டெங்குவுக்குத் தகவல் போதும். இங்கே வாயைக் கட்டுவது அறியாமையைவிட வெட்கம்.

சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல அமைப்பு, 2010 வாக்கில் புதுக்கோட்டை கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பியது. மருத்துவர் காணொளியில் பேசுவார், மருந்து வண்டியிலேயே கிடைக்கும். நல்ல வேலை, ஆனால் ஊர் அங்கே நோயாளியாக மட்டுமே வந்தது.

ஊரைப் பேச வைத்தவர்கள் ஈழத்தார். குழந்தை ம.சண்முகலிங்கம் 1991இல் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ நாடகம், போர் மனத்தில் உண்டாக்கிய காயத்தையே பொருளாகக் கொண்டது. அதே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தக் காயங்களை ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். க.சிதம்பரநாதன் போன்றவர்கள் அரங்கைப் பார்வையாளரிடமே கொடுத்துப் பார்த்தார்கள். பிரேசிலின் அகஸ்தோ போவால் பார்ப்பவரையே நடிகராக்கியது நினைவுக்கு வரலாம். ஆனால் இவர்களுக்குக் கூத்தும் சடங்கும் கைவசம் இருந்தன. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். என்ன நடந்தது என்று துருவிக் கேட்காமல், கை வேலையில் இருக்கும்போது தானாக வருவதை வரவிட்டார்கள். அவர்கள் வழக்கில் இதற்கு ஆற்றுப்படுத்தல் என்று பெயர். நம்முடைய ‘கவுன்சலிங்’கைவிட எவ்வளவு நல்ல சொல்!

டெல்டாவுக்கும் அப்படிப் பேச வேண்டிய நேரம் வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் முத்துப்பேட்டை, மன்னார்குடித் தோப்புகளைச் சாய்த்தது. கன்றைத் தென்னம்பிள்ளை என்று சொல்லி வளர்த்தவர்களுக்கு அரசு அறிவித்த தொகை மரத்துக்கு 1,100 ரூபாய். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எங்கே உட்கார்ந்து அழுவது? மரத்துக்கு ஒப்பாரி கிடையாது.

கலை இலக்கிய இரவு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மணி நேரம் மேடையை விட்டு இறங்குங்கள். ஒப்பாரி பாடும் அக்காமார்களைக் கூப்பிட்டு வட்டமாக உட்காரச் சொல்லுங்கள், சாவு இல்லாமலே. ஆறின புண்ணைக் கிளறிவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது; மனநல மருத்துவர் ஒருவரும் அந்த வட்டத்தில் இருக்கட்டும். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவு கலைந்தபின் பேச வேண்டியவர்களுக்கு மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416.