பேய் வீட்டுக் கலையும் மயிலிட்டி வீடுகளும்

அச்சத்தைத் திட்டமிட்டு ஆக்கி, அதற்கு நுழைவுச் சீட்டு விற்பது இன்று உலகில் ஒரு முழுநேரத் தொழில். அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பிறந்ததும் ஊர்கள்தோறும் பேய் வீடுகள் திறக்கப்படுகின்றன. அவற்றை வரைந்து, கட்டி, ஒளியும் ஒலியும் பொருத்துவதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் பலர். தச்சர், ஓவியர், மின்சாரத் தொழிலாளர், தையற்காரர், நடிகர் ஆகிய அனைவரின் உழைப்பும் அங்கே ஒன்று கூடுகிறது. வெறும் கேளிக்கை என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஒரு சமுதாயம் எதைக் கண்டு அஞ்ச விரும்புகிறது என்பது, எதைக் காண அது மறுக்கிறது என்பதையும் காட்டிவிடும். ஆகவே இக்கலையையும் இலக்கியத்துக்குரிய அளவுகோலால் அளந்து பார்ப்பது தகும் என்று கருதுகிறோம். ஆளில்லா வீடு என்றால் என்னவென்பதை இருபத்தேழு ஆண்டுகள் அனுபவித்து அறிந்த மயிலிட்டிக் கரையில் நின்று அதனை அளப்பது இன்னும் தகும்.

இக்கலை பிறந்த வரலாறே சிந்தனைக்குரியது. பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்த பயங்கர ஆட்சி ஆயிரக்கணக்கான தலைகளை வாங்கி ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1798 இல் ரொபேட்சன் என்ற தொழிற்பெயர் பூண்ட ஒருவர் பாரிஸ் நகரில் ஆவிகளின் நிழற்காட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், துறவிகள் இல்லாது போன கப்புச்சின் மடம் ஒன்றுக்கு அதனை மாற்றினார். திரைக்குப் பின்னே சக்கரம் பூட்டிய விளக்குப் பெட்டியை நகர்த்த, திரையில் உருவம் பெருத்துப் பார்வையாளர்மீது பாய்வதுபோலத் தோன்றும். அண்மையில் மாண்ட அரசியல்வாதிகளின் ஆவிகளும் அங்கே எழுந்தன. தலை வெட்டுண்ட பதினாறாம் லூயி மன்னனை எழுப்பிக் காட்டுமாறு ஒருவர் கேட்டதனால் அதிகாரிகள் காட்சியையே சிறிது காலம் நிறுத்திவிட்டனர் என்றொரு செய்தியும் உண்டு. செய்தி மெய்யாயினும் புனைவாயினும் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. பெயரற்ற எலும்புக்கூட்டைக் கண்டு அதிகாரம் அஞ்சுவதில்லை. பெயரும் கணக்கும் உள்ள ஆவியைக் கண்டே அது அஞ்சுகிறது.

அதன்பின் வந்தோர் இப்பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டனர் போலும். 1862 இல் இலண்டனில் பெப்பர் என்ற பேராசிரியர், பெரிய கண்ணாடித் தகடொன்றைச் சாய்வாக நிறுத்தி, மறைவிடத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகரின் பிரதிபிம்பத்தை மேடைமேல் ஆவியாக நடமாடச் செய்தார். இன்றைய பேய் வீடுகள்வரை அந்த உத்தி ஓயவில்லை. உத்தி வளர்ந்தது; ஆவியின் வரலாறோ தேய்ந்தது.

இக்கலையின் சிகரம் என்று பலரும் கொள்வது, கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 1969 ஓகஸ்ட் 9 ஆம் திகதி திறக்கப்பட்ட பேய் மாளிகையே. யேல் கிரேசி, கிளோட் கோட்ஸ், மார்க் டேவிஸ் முதலிய வடிவமைப்பாளர்களின் பல்லாண்டு உழைப்பு அது. பார்வையாளரை ஏற்றும் அறையின் சுவர்கள் நீள்வதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த அறை ஒரு மின்தூக்கி. கீழே இறங்கியவர்களைப் பூங்காவின் எல்லைக்கு அப்பாலுள்ள பெரிய கட்டடத்துக்கு அது மறைவாக அனுப்பிவிடுகிறது. அங்கே கருநிற வண்டிகள் ஒரே சங்கிலியாக ஓயாமல் நகர்கின்றன. வடிவமைப்பாளர் எதைக் காட்ட விரும்பினாரோ அதன் பக்கமே ஒவ்வொரு வண்டியும் திரும்பும். காட்சி அச்சமூட்ட வேண்டும் என்றார் கோட்ஸ். சிரிப்பூட்ட வேண்டும் என்றார் டேவிஸ். முற்பாதியில் இருளும் பிற்பாதியில் கூத்துமாக இருவர் கருத்தும் அங்கே இடம் பெற்றன. இந்த நுட்பத்துக்கும் உழைப்புக்கும் நாம் தலைவணங்குகிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆவிகள் குடியிருப்பதாகச் சொல்லப்படும் அந்த மாளிகை யாருடையது? அவர்களை வெளியேற்றியவர் யார்? அது பற்றி மாளிகைக்கு அக்கறையில்லை. வெளிப்புறம் பழுதின்றிப் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது வால்ட் டிஸ்னியின் கட்டளை. ஆகவே பாழ் என்பது உட்புறத்தில் மட்டுமே. அந்தப் பாழுக்குரிய தூசியும் சிலந்தி வலையும்கூட ஆட்களை வைத்து ஆக்கப்பட்டவை. வாழ்ந்து கெட்ட வீடு ஒன்றின் தோற்றம் அங்கே உண்டு. அங்கே வாழ்ந்தவர் இல்லை, கெடுத்தவரும் இல்லை. காரணம் களையப்பட்ட விளைவு மட்டுமே அங்கே விற்பனைக்கு இருக்கிறது. இதுவே இக்கலையின் அடிப்படைக் குறை என்பது நம் முடிவு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பேய் வீட்டின் அச்சம் இன்பமாக இருப்பதற்குக் காரணம், வெளியேறும் வாயில் உண்டு என்ற நம்பிக்கையே. சீட்டு வாங்கியவர் உண்மையில் வாங்குவது அந்த உறுதியைத்தான். 1984 மே 11 ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்துப் பூங்கா ஒன்றில் பேய்க் கோட்டை தீப்பற்றியபோது அந்த உறுதி பொய்த்தது. தீயை அணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் அங்கே இருக்கவில்லை. இளைஞர் எட்டுப் பேர் மாண்டனர். அதன் பின்னரே இத்தகைய கட்டடங்களுக்குக் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் அங்கே வந்தன. மனித உயிருக்குப் பொறுப்பேற்காத கலை எத்துணை நுட்பமாயினும் என்ன பயன்?

நம் பக்கத்து அச்சங்கள் இவ்வாறு வேரற்றவை அல்ல. சிங்கப்பூரில் 1937 இல் எழுந்த ஹவ் பார் பூங்காவின் பத்து நரக மன்றங்களில் ஒவ்வொரு தண்டனைக்கும் அதற்குரிய குற்றம் சொல்லப்பட்டிருக்கிறது. நமது கிராமங்களில் பிள்ளைப்பேற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட கொத்தியின் கதைக்குப் பின்னே, மருத்துவ வசதியின்றி மாண்ட பெண்களின் துயரம் ஒளிந்திருக்கிறது. மூட நம்பிக்கையை நாம் போற்றவில்லை. ஆனால் அந்த மூட நம்பிக்கையிலும் ஒரு கணக்கு இருந்தது. அநியாயம் நடந்த இடத்திலேயே ஆவி உலாவியது. 2011 இல் வெளிவந்த ‘காஞ்சனா’ திரைப்படத்தில்கூட, ஆவியாகி மீள்பவர் நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. நிலப் பறிப்பைப் பேய்க்கதையாகச் சொன்னபோது மக்கள் அதனைப் புரிந்துகொண்டார்கள் என்பது அப்படத்தின் வெற்றி. பொதுத் துயருக்குத் தனி ஆவியின் பழிவாங்கலையே தீர்ப்பாகக் காட்டியது அதன் குறை.

இனி மயிலிட்டிக்கு வருவோம். 1990 ஜூன் மாதத்தில், போர் மூண்டபோது, வலிகாமம் வடக்கின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். சில நாளில் திரும்பலாம் என்றே கதவைச் சாத்தினார்கள். மயிலிட்டி, பெயர்பெற்ற மீன்பிடித்துறை. கடலே அதன் வயல். துறையும் வீடும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. கோணாப்புலம் போன்ற இடங்களில் எழுந்த முகாம்களில், கடலைக் காணாமலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. துறைமுகமும் அதனை அண்டிய 54 ஏக்கர் காணியும் திறந்துவிடப்பட்டது 2017 ஜூலை 3 ஆம் திகதியில்தான். எஞ்சிய காணிகளின் கதை அதனோடு முடிந்துவிடவில்லை. வலிகாமம் வடக்கில் நிலம் பகுதி பகுதியாகவே மீண்டது.

திரும்பியவர்கள் கண்ட காட்சியை எந்த வடிவமைப்பாளரும் வரையவில்லை. கூரை இல்லை, கதவுமில்லை, நிலையுமில்லை. சாமியறையில் மரம் வளர்ந்திருந்தது. கிணறு தூர்ந்திருந்தது. எந்தக் காணி யாருடையது என்று எல்லை தெரியாமல் நின்றோரும் உண்டு. அமெரிக்கப் பூங்காவில் தொழிலாளர் கைகளால் ஆக்கப்பட்ட சிலந்தி வலை இங்கே தானாகவே படர்ந்தது. ஆனால் இங்கே நடமாடிய ஆவிகள் இறந்தவர்களுடையவை அல்ல. பத்துப் பதினைந்து மைல் தூரத்துக்குள், முகாமின் தகரக் கூரையின்கீழ், வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உயிரோடு இருந்த மனிதர்களே இந்த வீடுகளின் ஆவிகள். பேய் வீட்டில் உள்ளே சென்றவருக்கு வெளியேறும் வாயில் உண்டு. மயிலிட்டியில் வெளியேறியவருக்கு உள்ளே வரும் வாயில் இருக்கவில்லை.

இத்தகைய பாழும் காட்சிப் பொருளாகிவிடும் என்பது கற்பனை அன்று. 2009 இல் போர் முடிந்தபின், புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலக்கீழ்ப் பதுங்கு மாளிகை உல்லாசப் பயணிகளுக்குத் திறந்து காட்டப்பட்டது. பேருந்துகளில் வந்த மக்கள் இருண்ட படிகளில் இறங்கி வியந்து திரும்பினர். 2013 அக்டோபரில் இராணுவம் அதனை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் மயிலிட்டியார் தமது சொந்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கவும் வழியற்றிருந்தனர். பார்க்க வந்த ஏழை எளிய மக்கள்மீது நமக்குக் கோபமில்லை. அங்கே காட்டியவர்கள் எதன் பக்கம் வண்டியைத் திருப்பினார்கள், எதன் பக்கம் திருப்பாது விட்டார்கள் என்பதே நமது வினா. போர் ஏன் பிறந்தது, அதில் இரு பக்கத்தும் எளியோர் எதை இழந்தனர் என்ற பக்கம் வண்டி திரும்பவேயில்லை.

ஆகவே பேய் வீட்டுக் கலைஞனை நோக்கி நாம் சொல்வது இது: உன் கருவிகள் நல்லவை. ஒளியைக் கொண்டு இல்லாததை இருப்பதாகக் காட்ட உனக்குத் தெரியும். அதே ஒளியால், இருந்து இல்லாமற் போனவர்களைக் காட்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் காட்சிக் கலையும் திரைக் கலையும் பயிலும் எமது இளைஞருக்கும் இதுவே நம் வேண்டுகோள். மயிலிட்டியின் ஒரு வீட்டையாவது முழுதாக மீட்டெழுப்பிக் காட்டுங்கள். தலைவாசல் எங்கே, அடுப்படி எங்கே, வலை உலர்த்திய இடம் எங்கே, எந்த ஆண்டில் யார் கடைசியாகக் கதவைச் சாத்தினார் என்று காட்டுங்கள். வாழ்ந்தவர்கள் இன்னும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டு வரையுங்கள். முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

2019 இல் துறைமுகத்தின் திருத்தப்பட்ட முதற்பகுதி திறக்கப்பட்டது. வள்ளங்கள் மீண்டும் கடலிறங்குகின்றன. இடிந்த சுவர்களை அகற்றிப் புது வீடு கட்டுவது மக்களின் உரிமை. பாழை அழகென்று காத்து வைக்குமாறு அவர்களிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சுவர் அகலுமுன் அதன் வரலாறு எழுதப்படவேண்டும். அதைச் செய்யும் கலைஞனின் வீட்டிலிருந்து வெளியே வருபவன் நடுங்கிச் சிரித்தபடி வரமாட்டான். இது யாருடைய வீடு என்று கேட்டபடி வருவான். அந்தக் கேள்வியை எழுப்பும் கலையே நமக்கு வேண்டும்.